திருமேனியும் எண்ணும்

மனித உடலை வெண்கலத்தில் வார்த்துச் சேகரிப்பாளனின் கூடத்தில் நிறுத்துவதில் தார்மீகக் கேள்வி ஏதும் இருப்பதாக நம்மிடையே பேச்சே எழுவதில்லை. சிற்பிக்குப் பணம் வேண்டும். வாங்குகிறவனுக்கு ரசனை இருக்கிறது. விஷயம் முடிந்தது என்கிறோம். எனக்கு முடிந்ததாகத் தோன்றவில்லை. ஒரு உடலைச் சுற்றிவந்து, முதுகும் தொடையும் மிச்சமில்லாமல் பார்த்துத் தீர்க்கிற உரிமை விலை கொடுத்துவிட்டதால் வந்துவிடுமா? அப்படிப் பார்த்தவன் அந்த உடலுக்கு ஏதாவது கடன்பட்டவனா?

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகனின் மூலவர் மேனி மேற்கு நோக்கி நிற்கிறது. கைகள் இடுப்பில். முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. உடல் நம் முன்னால் இருக்கிறது. பார்வை நம்மிடம் இல்லை. கல் செய்கிற இந்த மறுப்பை உலோகம் வேறு விதமாகச் செய்கிறது. உற்சவர் வெளியே வருகிறவர். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை போகிறவர். ஆனால் வீதியில் நிற்கிறவன் கண்ணுக்குக் கிடைப்பது பட்டும் மாலையும் நகையும், அவற்றின் நடுவே ஒரு முகமும்தான். முதுகின் வளைவு திருமஞ்சனத்தில் துடைத்துவிடுகிற கைக்கே முழுதாகத் தெரியும்.

இருந்தும் பழைய ஸ்தபதி முதுகை அலட்சியமாக விட்டதில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தண்டுவடத்தின் குழிவும் பின்புற ஆடை முடிச்சும் முன்புறத்துக்குக் குறையாத கவனத்தோடு உருவாகியிருக்கின்றன. யார் பார்ப்பதற்காக? உடல் என்றால் முதுகும் சேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக. தமிழ் இதற்குக் கொடுத்த பெயரே திருமேனி, அதாவது உடல். அதன் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும், தண்டு செருகுவதற்கு. அந்த உடலால் தானாக நடக்க முடியாது. நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும். உடலுக்கு மனிதர்கள் பட்ட கடன் அந்தத் துளைகளில் இருக்கிறது.

சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, பிறகு அச்சை உடைக்கிறார்கள். ஒரு மெழுகு, ஒரு உடல். நவீன வார்ப்புக்கூடத்தில் ரப்பர் அச்சு உடைவதில்லை; அதிலிருந்து மெழுகை மீண்டும் மீண்டும் எடுக்கலாம். எனவே எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டியிருக்கிறது. பிரான்சில் 12 வார்ப்புகள் வரைதான் மூலப்படைப்பு என்று விதி. காலடியில் 3/8 என்று பொறித்திருக்கும். ரோதேன் 1917இல் இறந்தார். அவருடைய ‘நரக வாயில்’ முதன்முதலாக வெண்கலமானது அதற்குப் பிறகு. துளை இருந்த இடத்துக்கு எண் வந்துவிட்டது. துளை பலரைக் கூப்பிட்டது. எண் மற்றவர்களை விலக்கிவைக்கிறது.

பழமைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் கோயில் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து 2006இல் களவுபோன நடராஜரை, 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014இல் திருப்பித் தந்தது. களவு நடந்ததே உடனடியாக வெளியே தெரியவில்லை. கடன்பட்டவர்கள் கடனை மறந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நூறு வயது கடந்த சிற்பத்தைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. ஆகவே கடத்துகிறவர்கள் பழைய மேனிகளைப் புதிதாகச் செய்த கைவினைப் பொருள் என்று காகிதம் எழுதி அனுப்பினார்கள். புதிய உடலைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் கேட்பது அந்தப் புதிய உடலைப் பற்றித்தான். அதற்குச் சடங்கு கிடையாது, பட்டு கிடையாது, தோள் கொடுப்பார் கிடையாது. வாங்குகிறவனுக்காகச் செய்யப்படும் வெண்கலங்களில் அடிக்கடி எதிர்ப்படுவது தலையும் கையும் இல்லாத, பளபளப்பேற்றிய பெண் உடல். கை இல்லாததால் அது எதையும் செய்யாது. தலை இல்லாததால் திரும்பிக்கொள்ளாது. இதை வடிவத் தூய்மை என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். பார்க்கிறவனுக்குத் தொந்தரவு இல்லாத உடல் என்பது இன்னும் சரியான வர்ணனை.

வேறு வழி இல்லாமல் இல்லை. சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் நாலு பேர் ஒரு பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த முதுகுகளுக்குப் பாறையோடுதான் பேச்சு, நம்மோடு இல்லை. அது பொது இடம், அதனால் சுலபம் என்று சொல்லலாம். மீரா முகர்ஜி (1923-1998) பஸ்தரின் உலோக வார்ப்பாளர்களிடம் கற்றுக்கொண்டு படகோட்டிகளையும் நெசவாளர்களையும் வார்த்தார். மெழுகு இழைகளின் தடத்தைத் தேய்த்து அழிக்காமல் விட்டார். அவருடைய வெண்கலங்கள் ஏலத்துக்குப் போகின்றன, சேகரிப்பாளர்களின் வீடுகளில் இருக்கின்றன. ஆனாலும் அந்த உடல்கள் அங்கே யாருக்காகவும் நிற்கவில்லை. அவற்றுக்கு வேலை இருக்கிறது.

சடங்கு வெளியிலிருந்து கொடுத்ததை நவீன சிற்பி உருவத்துக்குள்ளேயே வைத்தாக வேண்டும். அவனுக்கு இருக்கும் சிரமமும் நேர்மையும் இதுதான். வாங்குகிறவனைத் திட்டிப் பயனில்லை. அவனும் ஒன்று செய்யலாம். தன் கூடத்தில், தன் பணத்தில் நிற்கிற உடல் தன்னை ஏறெடுத்தும் பாராமல் இருக்கச் சம்மதிக்கலாம். அந்தச் சம்மதம் உள்ளவனுக்குச் சிற்பி விற்பதில் குற்றமில்லை.