பணக் கவலை இல்லாதவரின் கடமை

பணம் ஒரு பொருட்டே இல்லை என்றால் வாழ்நாளை எப்படிச் செலவிடுவது என்ற கேள்வி, விருப்பத்தைக் கண்டறியும் கேள்வியாகவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் வேலையைக் கழித்துவிட்டால் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ஒருவரின் உண்மையான நாட்டம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்முன் இந்தக் கேள்வி வைக்கப்படுகிறது. பணி ஓய்வை நெருங்குபவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்படும்வரை, சீட்டு வாங்கியவர்கள் குலுக்கல் நாள்வரை மனத்துக்குள் இதற்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பயணம், இசை, தோட்டம், வாசிப்பு என்று விடைகள் நீளும். அவற்றில் குறை காண ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி அத்துடன் முடிவதில்லை. கூலி என்பது உழைப்பவருக்கு வருமானம். தம் உழைப்பு இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு அடையாளமும் அதுவே. தச்சருக்கு வேலை வருகிறதென்றால் யாரோ ஒருவர் வீட்டுக்குக் கதவு வேண்டியிருக்கிறது. பணத் தேவை இருக்கும்வரை பிறர் தேவையைத் தனியே ஆராய வேண்டியதில்லை. கூலியின் வடிவில் அது வீடு தேடி வந்துவிடுகிறது. பணத் தேவை நீங்கியவருக்கு அந்த வழி அடைபடுகிறது. யாருக்கு எது வேண்டும் என்பதை அவரே தேடிச் சென்று அறிய வேண்டும். அதனால்தான் பணக் கவலை இல்லாத வாழ்வில் கடமை குறைவதில்லை, கூடுகிறது.

கூலி என்ற இந்த அடையாளம் பழுதற்றதும் அல்ல. கையில் காசு உள்ளவரின் தேவையை மட்டுமே அது தெரிவிக்கும். காசில்லாதவரின் தேவைக்குச் சந்தையில் குரல் கிடையாது. கூலிக்காக உழைப்பவர், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால், அந்தக் குரலற்ற தேவையின் பக்கம் போக முடியாமல் இருக்கலாம். அதற்காக அவரைக் குறை கூற இயலாது. கூலி வேண்டாதவருக்கு அந்தத் தடை இல்லை.

ஒருவர் உழைக்காமல் இருக்கும்போது அவருடைய சோற்றுக்கான உழைப்பு யாருடையது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஓய்வை மனித வாழ்வின் உயர்ந்த நிலையாகக் கருதியவர் அரிஸ்டாட்டில். பொருளீட்டும் வாழ்வு கட்டாயத்தால் வாழப்படுவது, செல்வம் வேறொன்றுக்கான கருவி மட்டுமே என்று அவருடைய 'நிகோமாக்கிய அறவியல்' வாதிடுகிறது. அவரே 'அரசியல்' நூலில் சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்றும் வாதிட்டார். இரண்டு வாதங்களையும் பிரித்துப் படிக்கக் கூடாது. ஏதென்ஸ் நகரக் குடிமக்கள் உட்கார்ந்து சிந்தித்த வேளையில் வயலிலும் வீட்டிலும் சுரங்கத்திலும் மற்றவர்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

காவிரிப் படுகையின் கதையும் இதிலிருந்து தள்ளி நிற்பதில்லை. மிராசுதார் குடும்பங்களின் நிலவருமானத்தை அண்டிக் கர்நாடக இசையும் நாகசுரமும் கதாகாலட்சேபமும் தழைத்தன. சேற்றில் இறங்கி அந்த வருமானத்தை விளைவித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு 1952இல்தான் வந்தது. அதன் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டமே அதன் பின்னணி. அந்த இசையின் மேன்மை பொய்யல்ல. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் என்பதும் பொய்யல்ல. தன் ஓய்வு யாருடைய முதுகின்மேல் நிற்கிறது என்று பார்க்க மறுக்கும் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அறத்தின்முன் நிற்காது.

இக்கேள்வியைச் சுற்றி இருக்கும் பழைய அச்சம் சோம்பலைப் பற்றியது. கட்டாயம் நீங்கினால் மனிதர்கள் படுத்துக்கிடப்பார்கள் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், 100 ஆண்டுகளில் முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத்தரம் 4 முதல் 8 மடங்கு உயரும் என்றும், வாரத்துக்கு 15 மணிநேர வேலையே போதுமானதாகிவிடும் என்றும் கணித்தார். வருமானம் பற்றிய கணிப்பு பெருமளவு பலித்தது. வேலைநேரம் பற்றியது பலிக்கவில்லை. வளர்ச்சியின் பலன் சமமாகப் பங்கிடப்படவில்லை. போதும் என்ற அளவை அண்டை வீட்டுக்காரரைப் பார்த்தே மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். கெய்ன்ஸுக்கும் ஒரு கலக்கம் இருந்தது: பிழைப்புக்காகப் போராடவே காலங்காலமாகப் பழகிய மனிதர், போராட்டம் முடிந்த பிறகு தம் நாட்களை எப்படி நிரப்புவார்?

அதற்கு ஒரு விடை அந்த ஆண்டுகளிலேயே கிடைத்தது. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்தால் என்ற சிற்றூர் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. அந்த ஆலை மூடப்பட்டதும் ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கு சென்று ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் நேரம் இருந்தது. ஊர் நூலகத்தில் இரவல் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. ஆனால் இரவல் பெற்ற நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட ஆய்வாளர்கள் அளந்தார்கள்; ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டபோது அவர்களால் சில வரிகளுக்குமேல் சொல்ல முடியவில்லை. பெண்களின் நிலை வேறு. ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை. சமையல், துவையல், ஒட்டுத் தையல் என்று அவர்களின் நாள் காலைமுதல் இரவுவரை நிறைந்தே இருந்தது.

மரியன்தால் மக்களிடம் நேரம் இருந்தது, நிம்மதி இல்லை. அடுத்த மாத உதவித்தொகை நிற்குமோ என்ற பயத்தில் வாழ்ந்தார்கள். எனவே இதைப் பணக் கவலையற்ற வாழ்வின் படமாகக் கொள்ளக் கூடாது. வெறும் நேரம் மனிதரை விடுவிக்காது என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது. நிம்மதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். கனடாவின் மானிடோபா மாகாணத்திலுள்ள டாஃபின் என்ற சிறு நகரில் 1974 முதல் சில ஆண்டுகள், எந்தக் குடும்பத்தின் வருமானமும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் அரசு ஈடுசெய்தது. ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது; திரட்டிய தரவுகள் ஆராயப்படாமல் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு பொருளியலாளர் ஈவ்லின் ஃபோர்ஜே அந்தக் காலத்தை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார். மருத்துவமனைச் சேர்க்கை, ஒப்பிடத்தக்க பிற மக்களோடு பார்க்கையில், 8.5 விழுக்காடு குறைந்திருந்தது. பதின்பருவத்தினர் படிப்பைப் பாதியில் விடாமல் பள்ளியில் நீடித்தார்கள். வேலைநேரத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தவர்கள் அந்தப் பதின்பருவத்தினரும் கைக்குழந்தையோடு இருந்த தாய்மார்களுமே. அலாஸ்காவில் 1982 முதல் எண்ணெய் வருவாய் நிதியிலிருந்து ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் ஆண்டுதோறும் பணம் போகிறது. வாழ்க்கைச் செலவு முழுவதற்கும் போதாத தொகைதான். அங்கும் மக்கள் கூட்டமாக வேலையைத் துறந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுவதைப் பற்றி எழும் முணுமுணுப்பையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரிசி இலவசமானதால் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது குற்றச்சாட்டு. வீட்டில் அரிசி இருப்பவர் குறைந்த கூலியை மறுக்க முடியும். அந்த மறுப்பு வேலை கொடுப்பவரின் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரிகிறது. மறுப்பவருக்கோ அது வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த தேர்வுரிமை. செல்வர் வீட்டுப் பிள்ளை பிடிக்காத வேலையை விட்டால் தன்னைத் தேடுகிறான் என்பதும், கூலித் தொழிலாளி விட்டால் சோம்பேறி என்பதும் ஒரே செயலுக்கு இரண்டு தராசு வைப்பது. அது அநீதி.

மரியன்தால் பெண்களின் நாள் இன்னொன்றையும் சொல்கிறது. பணக் கவலை நீங்கினாலும் நீங்காத வேலை உண்டு. பாட்டியைக் குளிப்பாட்டுவதும் குழந்தைக்கு ஊட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் கூலிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே கூலி தேவைப்படாமல் போவதால் அவை மறையப்போவதில்லை. தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது; அவர்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அது அறிவிக்கப்பட்டது. தொகை சிறிது, அங்கீகாரம் பெரிது. பணம் பொருட்டில்லை என்றால் இமயமலைக்குப் போவேன் என்று ஓர் ஆண் சொல்லும்போது, வீட்டு முதியவருக்கு அந்த வாரம் யார் மருந்து கொடுப்பார் என்பதையும் அந்த விடை சொல்லியாக வேண்டும்.

உண்மையிலேயே பணக் கவலை இல்லாமல் வாழ்ந்தவர்களில் சார்லஸ் டார்வின் நன்கு ஆராயத் தக்கவர். தந்தை வசதி மிக்க மருத்துவர், கடன் கொடுத்தும் பொருள் சேர்த்தவர். மனைவி எம்மா, பீங்கான் தொழிலில் செழித்த வெட்ஜ்வுட் குடும்பத்தவர். பீகிள் கப்பலில் ஆய்வுப் பயணம் முடித்து 1836இல் திரும்பிய டார்வினுக்கு வாழ்நாள் முழுவதும் சம்பளத்துக்காக உழைக்கத் தேவையிருக்கவில்லை. 1842இல் கென்ட் பகுதியிலுள்ள டவுன் சிற்றூரில் குடியேறி, அடிக்கடி நோயுற்ற உடம்போடு நாளுக்குச் சில மணிநேரமே வேலை செய்தார். ஆனால் அந்தச் சில மணிநேரம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசுகளை ஆராய்வதற்கு மட்டும் எட்டு ஆண்டுகள் போயின. எந்த முதலாளியும் அதற்குச் சம்பளம் கொடுத்திருக்க மாட்டார். மண்புழுவைப் பற்றிய நூல் 1881இல், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் வந்தது. பிறர் தேவையைத் தேட வேண்டும் என்ற விதிக்கு இது ஒரு முக்கியமான திருத்தம்: சில தேவைகள் இன்னும் பிறக்காதவர்களுடையவை, அவற்றை இப்போது யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அதே டார்வின் அந்த ஊரில் 1850 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைப்பாளிகளின் சேமநலச் சங்கத்துக்குப் பொருளாளராகக் கணக்கு எழுதினார். உலகைப் புரட்டிய நூலை எழுதிய கை, கூலியாட்களின் சிறுசேமிப்பையும் வரவு வைத்தது.

லுட்விக் விட்கன்ஸ்டைனின் தேர்வு கடினமானது, விவாதத்துக்கும் உரியது. ஆஸ்திரிய எஃகுத் தொழிலதிபரின் மகனான அந்தத் தத்துவவாதி, 1919இல் தம் பரம்பரைச் சொத்து முழுவதையும் துறந்தார். பிறகு 1920 முதல் 1926 வரை மலைக்கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஆனால் சொத்து போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே செல்வராக இருந்த உடன்பிறந்தவர்களிடம். போரில் தோற்றுப் பட்டினியில் கிடந்த வியன்னாவுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. துறவு துறப்பவரைத் தூய்மைப்படுத்தலாம். அதனால் மட்டும் அது பிறருக்கு உதவியாகிவிடாது. திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த தனி அதிகாரங்களாக வைத்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. இல்லாதவருக்குக் கொடுப்பது ஒன்று. ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து செய்வது மற்றொன்று. அதற்குக் காசு மட்டும் போதாது, கவனமும் நாட்களும் வேண்டும்.

அப்படிச் செய்தவர் கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். அரசுப் பணியில் கிராமந்தோறும் கண் முகாம்கள் நடத்தியதால், கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் மருத்துவமனைக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது: பேருந்துக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி போய்விடும். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தம் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து தொடங்கினார். கட்டணம் செலுத்துவோர் தரும் பணத்தில் செலுத்த முடியாதோருக்கும் சிகிச்சை நடந்தது. இறக்குமதி லென்ஸ் விலை எட்டாமல் இருந்ததால் 1992இல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிப்பும் தொடங்கியது. அந்த நோயாளிகளின் தேவை கூலியாக மாறி யாருடைய வீட்டுக்கும் வந்திருக்க முடியாது. தேடிப் போனவரின் கண்ணில்தான் அது பட்டது.

அப்படியென்றால் தனக்கென்று ஒருவர் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? கிழக்கு வங்கத்து அகதிகள் பட்டினியில் மடிந்த காலத்தில் எழுதி 1972இல் வெளியான கட்டுரையில் தத்துவவாதி பீட்டர் சிங்கர் கடுமையான அளவைச் சொன்னார்: அதற்கு இணையான இழப்பு தனக்கு நேராத வரையில், தடுக்கக்கூடிய பெருந்தீங்கைத் தடுத்தே ஆக வேண்டும். முழுமையாகப் பின்பற்றினால் இசைக்கும் தோட்டத்துக்கும் இடமே இராது. அது மிகையான கோரிக்கை. மகிழ்ச்சியை அறியாதவர் பிறருக்கு மகிழ்ச்சி தரும் வகையும் அறியமாட்டார். ஆனால் இரண்டு கடமைகள் சொந்த விருப்பத்துக்கு முன்னே நிற்கின்றன. தன் ஓய்வுக்காக உழைத்தவர்களுக்கு நியாயமான கூலியும் ஓய்வும் கிடைக்கச் செய்வது முதலாவது. தனக்குத் தெரிந்த, தன்னால் தீர்க்கக்கூடிய தேவையைத் தட்டிக்கழிக்காமல் இருப்பது அடுத்தது. நேரம் இல்லாதவர் தெரியவில்லை என்று சொன்னால் ஏற்கலாம். நாள் முழுவதும் கையில் இருப்பவருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

முழுமையான பணச் சுதந்திரம் மிகச் சிலருக்கே வாய்க்கும். பகுதியளவு வாய்த்தவர்கள் பலர்: ஓய்வூதியம் பெறும் ஆசிரியர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட தம்பதி, வாடகை வருமானம் உள்ள வீட்டுக்காரர். வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த பங்குக்கு ஏற்ப இந்தக் கேள்வியும் அவர்களுக்கு உரியது. அவர்களுக்காகக் காத்திருக்கும் தேவைகள் பெரும்பாலும் பெரியவை அல்ல. பார்வையற்ற மாணவருக்குத் தேர்வறையில் விடைகளை எழுதித்தர ஆள் வேண்டும். அரசு மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாத முதியவருக்குத் துணை வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாததால் உதவித்தொகை கிடைக்காமல் இருப்பவருக்கு ஒரு காலைப்பொழுதும் ஒரு பேனாவும் போதும்.