பிறர் தோல்வியில் நம் மகிழ்ச்சி

அண்மையில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பொழுது சாயுமுன் பந்தி முடிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில்தான் முகூர்த்தம். இடையில் கிடந்த நீண்ட இரவைக் கழிக்க இளைஞர்கள் கிரிக்கெட்டைத் துணைக்கு அழைத்தனர். ஒருவர் தம் கைப்பேசியில் பழைய ஆட்டம் ஒன்றைத் தேடி எடுத்து, எல்லாரும் காணும்படி நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்தார். 2004ஆம் ஆண்டு முல்தான் நகரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் ஆட்டம் அது. நாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தோம். அன்றிரவு அங்கு நிகழ்ந்த பேச்சும், அதன்பின் நம்மை விட்டு நீங்காத ஒரு வினாவுமே இதனை எழுதத் தூண்டின.

கிரிக்கெட்டில் ஈடுபாடில்லாத அன்பர்களுக்காக ஆட்டத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வீரேந்திர சேவாக் 309 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டத்தில் முந்நூறைக் கடந்த முதல் இந்தியர் அவரே. முந்நூறாவது ஓட்டத்தையும் சிக்சர் அடித்தே எட்டினார். இந்தியா ஐந்து விக்கெட்டுகளை மட்டும் இழந்து 675 ஓட்டங்கள் குவித்து, ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பாகிஸ்தான் முதலில் 407 ஓட்டங்களுக்கும், தொடர்ந்து மீண்டும் ஆடவேண்டி வந்தபோது 216 ஓட்டங்களுக்கும் ஆட்டமிழந்தது. அனில் கும்ப்ளே இரண்டாவது இன்னிங்சில் ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்தியாவிற்கு ஒரு இன்னிங்ஸ், 52 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வெற்றி. 1955 முதல் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் ஆடிவந்த இந்தியா அங்கே பெற்ற முதல் வெற்றி அதுதான். ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

இத்தகைய வெற்றியைப் பார்த்தவர்கள் மனநிறைவோடு அல்லவா பேசவேண்டும்? அங்கே எழுந்ததோ பெரும் வழக்காடல். அன்று அணியின் பொறுப்பில் இருந்த ராகுல் திராவிட் ஆட்டத்தை முடித்துக்கொண்டபோது சச்சின் டெண்டுல்கர் 194 ஓட்டங்களுடன் களத்தில் இருந்தார். இரட்டைச் சதத்திற்கு இன்னும் ஆறே ஓட்டங்கள். அந்த ஆறு ஓட்டங்களுக்காகப் பந்தலில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒரு செயலுக்காக, அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இருவர் முகம் சிவக்க வாதிட்டனர். வென்ற பக்கத்தின் ரசிகனுக்கும் ஒரு குறை வேண்டியிருக்கிறது போலும். எதிரி எதிர்த்து நிற்காதபோது சினம் தன் வீட்டிற்குள்ளேயே இடம் தேடிக்கொள்கிறது.

நம்மை உறுத்திய செய்தி இதுவன்று. இரண்டாவது இன்னிங்சில் பாகிஸ்தான் அணித்தலைவர் இன்சமாம் உல் ஹக் ஓட்டம் எதுவும் எடுக்காமல் ரன் அவுட் ஆனார். அவர் பிறந்த ஊர் முல்தான். தம் ஊரில், தம் மக்கள் முன்னிலையில், தம் அணி மூழ்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் தலை கவிழ்ந்து திரும்பிப் போகிறார். பந்தலில் சிரிப்பலை எழுந்தது. நாமும் சிரித்தோம். அருகில் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான், பத்து வயதிருக்கும். அவன் சிரிக்கவில்லை, நம் முகத்தைப் பார்த்தான். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயன்றான்; சற்று நேரத்தில் அவனும் சிரித்தான். அந்தச் சற்று நேரந்தான் நம்மை இன்றளவும் விடவில்லை.

நாம் எதற்கு மகிழ்ந்தோம்? சேவாக்கின் மட்டை வீச்சுக்கு மகிழ்ந்தது உண்மை. அது கலையின்பம். அதில் குறை காண யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இன்சமாம் ரன் அவுட் ஆனதில் கண்டு மகிழக் கலை ஏதும் இல்லை. அங்கே நாம் சுவைத்தது அவருடைய சிறுமை ஒன்றையே.

தீவினையைத் தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்துப் பார்ப்பது நம் வீடுகளில் சிறுவயது முதலே கேட்டுப் பழகியது. ரசிகன் பந்து வீசுவதில்லை, மட்டை பிடிப்பதில்லை, யாரையும் ஏவுவதுமில்லை. அவனுக்கு உரியது மூன்றாவது மட்டுமே. இங்கே ஒரு வியப்பு உண்டு. பந்து வீசிய கும்ப்ளே தீவினை எதுவும் செய்யவில்லை. ஆட்டத்தின் விதிக்குட்பட்டு, ஐந்து நாள் உடல் உழைப்பில், தம் தொழிலைத் திறம்படச் செய்தார். எதிரே நின்றவரைச் சிறுமைப்படுத்துவது அவர் வேலையன்று. அச்சிறுமையைச் சேர்த்தவர்கள் நாம். செய்தவர் நெஞ்சில் இல்லாத ஒன்றுக்கு, பார்த்தவர்களாகிய நாம் உடன்பட்டிருக்கிறோம்! ஆட்டக்காரர் கை தூயதாக இருக்க, ரசிகன் மனத்தில் மட்டும் அழுக்குப் படிவது எங்ஙனம் என்பதே நம் வினா.

நம் மொழி ஓரளவு விடை தருகிறது. வெற்றி பெற்ற நாளில் தெருவெங்கும் கேட்பது "ஜெயிச்சிட்டோம்" என்பது. தோற்ற நாளில் கேட்பது "தோத்துட்டானுங்க" என்பது. வெற்றியில் தன்மைப் பன்மை, தோல்வியில் படர்க்கை. பதினொருவர் வியர்வையில் நமக்கும் பங்கு எழுதிக்கொள்கிறோம். அவர்கள் துயரில் மட்டும் பங்கு வேண்டாம் என்று விலகிக்கொள்கிறோம். (இக்கட்டுரையிலும் 'நாம்' என்றே எழுதி வருகிறோம். அச்சொல்லின் வசதி நமக்குத் தெரியாததன்று.) உழைக்காமல் பெற்ற பங்கு என்பதால் அது கையில் நிற்பதில்லை. எனவே அதை நிலைநாட்ட, தோற்றவனை மேலும் தாழ்த்த வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரருக்கு அத்தேவை இல்லை. தாம் எடுத்த ஓட்டம் அவரிடம் இருக்கிறது.

இவ்வெண்ணத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முல்தானுக்கு 21 ஆண்டுகள் முன்னே போவோம். 1983 ஜனவரி. சிந்து மாநிலத்து ஹைதராபாத் நகரில் இதே இரு நாடுகளும் மோதின. பாகிஸ்தான் மூன்று விக்கெட்டுகளுக்கு 581 ஓட்டங்கள். முதாசர் நாசர் 231. ஜாவேத் மியாண்டாட் ஆட்டமிழக்காமல் 280. இருவரும் சேர்ந்து எடுத்தவை 451 ஓட்டங்கள். முந்நூறுக்கு இருபது ஓட்டங்களே இருக்கையில் இம்ரான் கான் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். இந்தியா ஒரு இன்னிங்ஸ், 119 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. மியாண்டாட்டுக்கு முந்நூறு கிட்டாத குறையை அந்நாட்டு ரசிகர்கள் நெடுங்காலம் பேசி வந்தனர். முல்தானில் நாம் கண்டதன் கண்ணாடி நிழல் போன்றது அது; இடமும் வலமும் மட்டும் மாறியிருந்தன.

அன்று நாம் என்ன செய்தோம்? வானொலிப் பெட்டியை அணைத்தோம். மறுநாள் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டோம். ஆடுகளம் சரியில்லை, நடுவர் சரியில்லை என்று பேசினோம். அத்தொடரின் ஆறு ஆட்டங்களில் இம்ரான் கான் 40 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அதனை ஒரு கலைஞனின் செயலாகக் காண நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 451 ஓட்டக் கூட்டணியின் அழகு அழகாகவே இருந்திருக்கும். நம் கண்கள்தாம் மூடியிருந்தன. சேவாக்கைப் பார்த்து மகிழ்ந்தது கலையின்பமே என்று சற்றுமுன் உறுதியாகச் சொன்னோம். இப்போது அவ்வுறுதி சற்றுத் தளர்கிறது.

பந்தலில் இருந்த இளைஞர் ஒருவர் இதனை ஏற்கவில்லை. "ஐயா, எல்லையில் உயிர் போகிறது. இதை வெறும் ஆட்டமாக எப்படிப் பார்ப்பது?" என்றார். அவருடைய தாய்மாமன் இராணுவத்தில் இருந்தவர். அவர் வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. இந்த இரு நாடுகளின் ஆட்டம் எந்நாளும் வெறும் ஆட்டமாக இருந்ததில்லை. 1961க்கும் 1978க்கும் இடையே இரண்டு போர்கள். ஒரு டெஸ்ட் ஆட்டமும் இல்லை. அதற்கு முன் 1955, 1961 ஆண்டுகளில் முடிந்த இரு தொடர்களில் ஆடிய பத்து ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. தோற்றுவிட்டு எப்படி ஊர் திரும்புவது என்ற அச்சம் இரு பக்கத்தையும் கட்டிப்போட்டிருந்தது. ஐந்து நாள் ஆடி, யாரும் தோற்காமல் பார்த்துக்கொண்டனர். 2007 டிசம்பரில் பெங்களூரில் ஆடியதற்குப் பின் இரு நாடுகளும் டெஸ்ட் களத்தில் சந்திக்கவே இல்லை. 2025 செப்டம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்தபின் வீரர்கள் கைகுலுக்காமலே பிரிந்தனர்.

அவருக்கு நாம் சொன்னது இதுதான். மாண்டவர்க்காகத் துயருறுதல் வேறு. அத்துயரை ரன் அவுட் ஆன ஒரு மட்டையாளர் மீது இறக்கி வைத்தல் வேறு. 52 ஓட்டங்களால் எந்தத் தாயின் கண்ணீரும் துடைக்கப்படுவதில்லை. துடைக்கப்பட்டதாக நாம் எண்ணிக்கொள்வது அத்துயருக்கே செய்யும் அவமதிப்பாகும். அவர் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவ்வளவில் விட்டோம்.

அப்போது அதுவரை வாய் திறவாதிருந்த பெரியவர் ஒருவர் பேசினார். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கம் அரங்கில் இருந்தவர் அவர். இந்தியாவிற்கு இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 எடுத்து ஆட்டமிழந்தார். எஞ்சிய விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்தன. பன்னிரண்டே ஓட்டங்களில் தோல்வி. அரங்கில் ஓசையே இல்லையாம். பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கி அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். "நீங்கள் ஏன் எழுந்தீர்கள்?" என்று கேட்டோம். பெருந்தன்மை, விளையாட்டுணர்வு என்று ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தோம். "பக்கத்தில் இருந்தவன் எழுந்தான், நானும் எழுந்தேன். கை தட்டிய பிறகுதான் அழுகை நின்றது" என்றார்.

சிரிப்பும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொற்றுகிறது, கைதட்டலும் தொற்றுகிறது. சேப்பாக்கத்தை நாம் மிகைப்படுத்திப் புகழ விரும்பவில்லை. மூன்று வாரம் கழியுமுன் கொல்கத்தாவில் இதே இரு அணிகள் ஆடியபோது, சச்சின் ரன் அவுட் ஆனதையொட்டிக் கலகம் மூண்டது. காவலர்கள் பார்வையாளரை வெளியேற்ற, இந்தியாவின் கடைசி விக்கெட் ஏறக்குறைய வெற்று அரங்கில் வீழ்ந்தது. அவ்வாண்டு கோடையில் கார்கிலில் போர். சென்னையில் ஒரு தன்மையும் கொல்கத்தாவில் ஒரு தன்மையுமாக மக்கள் பிறப்பதில்லை. முதலில் எழுந்தவர் சென்னையில் கைதட்டினார். கொல்கத்தாவில் முதலில் எழுந்தவர் வேறொன்றைக் கையில் எடுத்தார். அவ்வளவே.

2004 பயணத்தில் நம் சென்னையைச் சேர்ந்த பந்துவீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியின் பெயரைப் பாகிஸ்தான் ரசிகர்கள் பாட்டாகவே பாடிக் கொண்டாடினர். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் பாடிய பாட்டு அது. நம் பந்தலில் அதை நினைவுகூர்ந்தவர் எவரும் இலர்.

இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து படுக்கச் சென்றனர். சிறுவன் மட்டும் கைப்பேசியை விடவில்லை. "தோத்தவங்கள்ல யாருமே நல்லா ஆடலையா?" என்று கேட்டான். முல்தானில் பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்சில் எடுக்கப்பட்ட 216 ஓட்டங்களில் பாதிக்கு மேல் ஒருவரே எடுத்தார். பின்னாளில் முகமது யூசுப் எனப் பெயர் மாறிய யூசுப் யோகானா. சுற்றிலும் விக்கெட்டுகள் விழுந்துகொண்டிருக்க, தோல்வி உறுதியென்று அறிந்தும், 112 ஓட்டங்கள். நாம் பார்த்த சுருக்கப் படத்தில் அது இடம்பெறவில்லை. அவர் ஆட்டமிழந்த காட்சி மட்டும் இருந்தது. சதத்தைத் தேடி எடுக்கச் சிறிது நேரமாயிற்று. சிறுவன் முழுவதையும் பார்த்தான். நாமும் உடனிருந்து பார்த்தோம்.