குடிகாரன் என்று சொல்லுமுன்

‘சேரிக்காரன் சம்பாதிச்சதையெல்லாம் குடிச்சே அழிப்பான்.’ காஞ்சிபுரத்தில் இதைக் கேட்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. நான் கேட்பது இதுதான்: எட்டு வயசுல அவன் எங்க இருந்தான்?

தறியடியில். கோர்வைச் சேலையில் கரையின் நாடாவைத் தள்ள, நெய்பவர் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அது குழந்தையின் கை. அப்பன் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை அடகு. கை தவறினால் அடி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டபோதும் காஞ்சிபுரத் தறிகளில் அடகுப் பிள்ளைகள் இருந்தார்கள். அதே ஆண்டுதான் அரசு டாஸ்மாக் வழியாகத் தானே மதுக்கடை நடத்த ஆரம்பித்தது.

குடி நம் ரத்தத்தில் ஊறியது என்பவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்து 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விசாரிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், படித்தவர்கள். சிறுவயதில் நாலு வகையோ அதற்கு மேலோ கொடுமை பட்டவர்கள் குடிக்கு அடிமையாவது, எதுவும் படாதவர்களைவிடப் பல மடங்கு அதிகமாயிருந்தது.

காரணம் சொல்வதால் மன்னிப்பு ஆகிவிடாது. குடிச்சிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன் அவளுக்குப் பதில் சொல்லியே ஆகணும். அவளும் தறியடியில் அடிபட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? பிள்ளையை அடகு பிடித்தவன், கோயில் நகரம் என்று பெருமை பேசிக்கொண்டே அதைப் பார்த்திருந்த ஊர், அந்த வலியில் வரும்படி பார்க்கும் அரசு, மூவரும் அவன் பக்கத்தில் வந்து நிற்கட்டும். அப்புறம் கேட்கலாம், ‘ஏன்டா குடிக்கிறே?’ என்று.