பழைய பஸ்ஸும் பொதுப்பணியும்

பழைய பொருள்களைப் பேணிக் காப்பது நற்செயலா, வெறும் பொழுதுபோக்கா? பசித்தவனுக்கு உணவும் நோயாளிக்கு மருந்தும் தேவைப்படும் உலகில், ஓடித் தேய்ந்த ஒரு பஸ் வண்டியைத் திருத்துவதற்கு ஆண்டுக்கணக்காய் உழைப்பவரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? வேலையற்றவர் வேலை என்று சொல்லத் தோன்றும். அப்படித் தீர்ப்பிடுமுன் சற்றுச் சிந்திப்போம்.

இங்கிலாந்தில் பழைய பஸ்களுக்கென்றே நூதனசாலைகள் உள்ளன. மான்செஸ்ரர் நகரில் 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போக்குவரத்து நூதனசாலை ஒரு பழைய பஸ் டிப்போவில் அமைந்துள்ளது. லண்டன் பஸ் நூதனசாலை 2011 முதல் சரே பகுதியில் புறூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் இயங்குகிறது. இவற்றின் வேலைகளைப் பெரும்பாலும் தொண்டர்களே செய்கின்றனர். துருவைச் சுரண்டுவதும், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதும், வருவோருக்கு விளக்கம் கூறுவதும் அவர்களே. கூலி கிடையாது.

அங்கே பேணப்படும் பஸ்களில் ஒரு வகை நமக்கும் அந்நியமானதல்ல. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைக்கப்பட்டபின், லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. மூத்த வாசகர்கள் பலர் அவற்றில் ஏறிப் பிரயாணம் செய்திருப்பீர்கள்.

பொருளின்மீது கொள்ளும் பற்றில் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தான் பேணும் பொருளுக்கே மனிதன் அடிமையாகிவிடலாம். பளபளக்கும் வண்டியைக் கொட்டகையில் பூட்டிவைத்து, தானும் தன்னைப்போன்ற நாலு பேரும் மட்டும் பார்த்து மகிழலாம். அயலவன் யார் என்பதே தெரியாமற் போய்விடும். ஆனால் பஸ் என்பது மனிதரை ஏற்றிச் செல்வதற்காகவே செய்யப்பட்டது. ஆட்களை ஏற்றாத பஸ் முழுமையாகப் பேணப்பட்டது ஆகுமா? இதை உணர்ந்த தொண்டர்கள் தங்கள் வண்டிகளை வீதிக்குக் கொண்டுவருகின்றனர். அதற்கு ஒரு நல்ல உதாரணம் இம்பர் என்னும் கிராமம்.

இம்பர், தென்மேற்கு இங்கிலாந்தில் சோல்ஸ்பரி சமவெளியில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 நவம்பர் முதலாந் திகதி, அவ்வூர் மக்கள் பள்ளிக்கூடத்திற்கு அழைக்கப்பட்டனர். படைகளின் பயிற்சிக்கு ஊர் தேவை. டிசம்பர் 17க்கு முன் வெளியேறவேண்டும் என்று கூறப்பட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது பேர் வெளியேறினர். போர் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடுதான் போனார்கள். போர் முடிந்தது; அவர்கள் திரும்பவில்லை. 1961இல் பெருந்தொகையானோர் ஊருக்குள் சென்று நியாயம் கேட்டனர். விசாரணை நடந்தது. முடிவு படைத்துறைக்கே சாதகமாயிற்று. வீடுகள் பல அழிந்தன, புனித ஜைல்ஸ் ஆலயம் எஞ்சி நிற்கின்றது. சொந்த ஊரை விட்டுப் போவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2009ஆம் ஆண்டு முதல், பெரும்பாலும் ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், படைத்துறையின் அனுமதியுடன் இவ்வூருக்குப் பழைய பஸ்கள் ஓடுகின்றன. வார்மினிஸ்ரர் புகையிரத நிலையத்திலிருந்து ரூட்மாஸ்ரர் போன்ற இரட்டைத்தட்டு பஸ்கள் புறப்படுகின்றன. சாரதிகளும் நடத்துனர்களும் தொண்டர்களே. 2006 முதல் 2015 வரை லண்டன் போக்குவரத்து ஆணையாளராயிருந்த பீற்றர் ஹென்டி இவற்றில் சாரதியாகப் பணி புரிந்திருக்கிறார். ஒரு மாநகரின் போக்குவரத்தை நிர்வகித்தவர், அன்றைய தினம் பிரயாணிகளை இறக்கி ஏற்றும் ஊழியராய் அமர்கிறார். சேரும் பணம் ஆலயத்தின் பராமரிப்புக்கும் முன்னாள் படைவீரரின் நலனுக்கும் செல்கிறது.

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. பிறர் இழந்த ஊரை, விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்கப் போவது முறையா? அவர்களுடைய துயரம் நமக்குக் களியாட்டமாகலாமா? இக்கேள்வி நியாயமானதே. பஸ்ஸின் அழகை மாத்திரம் பார்த்துப் படம் பிடித்துத் திரும்புபவர் அத்தவற்றுக்கு ஆளாகலாம். ஆனால் யாருமே போகாவிட்டால் நடப்பது என்ன? ஆலயத்தின் கூரை ஒழுகும். கல்லறைகளைப் புல் மூடும். இப்படியொரு ஊர் இருந்ததென்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாமற் போகும். பஸ் இழந்த ஊரை மீட்டுத் தரவில்லை. அது தொண்டர்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆயினும் மறதிக்கு அவ்வூரை விட்டுக்கொடுக்காதிருக்க அவர்கள் தம்மாலானதைச் செய்கின்றனர். முழு நீதி கிடைக்கவில்லை என்பதற்காகச் சிறு நன்மையையும் கைவிடுவது அறமாகாது. அச்சிறு நன்மையே நீதி என்று எண்ணித் திருப்தியடைவதும் அறமாகாது. இரண்டையும் நாம் மனதிற் கொள்ளவேண்டும்.

வாசகர்களே, உங்களிடமும் பேணிவைத்த ஏதோ ஒன்று இருக்கும். அது ஒரு தையல் இயந்திரமாகவோ, வாத்தியக் கருவியாகவோ, இளைப்பாறியபின் பயன்படாமற் கிடக்கும் ஒரு கைத்தொழிலாகவோ இருக்கலாம். அதைக் காப்பதில் தவறில்லை. பெருமைப்படுவதிலும் தவறில்லை. ஆனால் அது யாருக்காவது உதவுகிறதா என்று இவ்வாரம் உங்கள் குடும்பத்தில் பேசிப்பாருங்கள். அயல்வீட்டுப் பிள்ளைக்குத் தையல் பழக்கலாம். வாசிக்கத் தெரிந்தவர் நாலு சிறுவருக்கு வாத்தியம் சொல்லிக்கொடுக்கலாம். பழைய மெக்கானிக் ஒருவர், ஊரில் ஓர் ஏழையின் சைக்கிளைத் திருத்திக்கொடுக்கலாம். அதற்குப் பெரிய சங்கமோ நிதியோ தேவையில்லை. சனிக்கிழமை ஒன்று போதும்.