மாண்ட வீரன் மீளலாமா?

ஒருவன் பிறர் பொருட்டுத் தன் உயிரைக் கொடுத்தான். கண்டவர் கண்ணீர் வடித்தனர். நெஞ்சில் அவனுக்கு ஒரு நடுகல் நாட்டிக்கொண்டு வீடு திரும்பினர். ஆண்டுகள் சில கழிந்தபின், மாண்டவனின் முகமே மீண்டும் எதிரே வந்து நிற்கின்றது. மகிழ்வதா? மனம் நோவதா?

இது புராண காலத்துக் கேள்வியன்று. 2024-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகெங்குமுள்ள சினிமா ரசிகர்கள் தம்முள் கேட்டுக்கொள்ளத் தொடங்கிய கேள்வி. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் ஆண்டுதோறும் கூடும் சித்திரக்கதைப் பிரியர்களின் பெருங்கூட்டத்தில், பச்சை அங்கியும் இரும்பு முகமூடியும் பூண்ட பலர் மேடையேறி நின்றனர். அவர்களுள் ஒருவர் முகமூடியைக் கழற்றினார். உள்ளிருந்த முகம் ராபர்ட் டவுனி ஜூனியர் என்னும் நடிகருடையது. மண்டபம் அதிர்ந்தது. 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' என்ற படத்தில் டாக்டர் டூம் என்னும் கொடியவனாக அவர் நடிக்கப்போகின்றார் என்று மார்வெல் நிறுவனத்தார் அறிவித்தனர். படம் வெளியாகும் நாள் முதலில் 2026 மே 1 என்றும், பின்னர் 2026 டிசம்பர் 18 என்றும் குறிக்கப்பட்டது.

சூப்பர் ஹீரோ என்று ஆங்கிலத்தார் அழைக்கும் அதிசய வீரர்களின் கதை சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு. அதைப்பற்றி நாம் இவ்வளவு எழுதுவானேன் என்று முதியோர் முகஞ்சுளிக்கலாம். பொறுத்தருள வேண்டுகிறேன். அப்படத்தைப் பற்றி ரசிகர்கள் கொண்ட ஆவலும் அச்சமும், ஊன்றி நோக்கின், தியாகம் என்பது யாது என்ற பழைய வழக்கினுள் நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன.

கதை அறியாதார்க்காகச் சுருக்கிச் சொல்கிறேன். டோனி ஸ்டார்க் என்பவன் ஆயுத வியாபாரி, பெருஞ்செல்வன், வாய்த்துடுக்கும் தற்பெருமையும் மிக்கவன். 2008-ம் ஆண்டில் வந்த 'அயர்ன் மேன்' படத்தில், தான் செய்து விற்ற ஆயுதமே தன் மார்பைத் துளைக்கக் கண்டு மனம் திரும்புகிறான். வேற்றுலக வீரர்களைப்போல் அவனுக்குப் பிறவியில் வந்த வலிமை யாதுமில்லை. இரும்புக் கவசத்தைக் கழற்றினால் நம்மைப் போன்ற மனிதன். பதினோராண்டுகள் படத்துக்குப் படம் அவன் வளர்ந்தான். பார்த்தவர்களும் கூடவே வளர்ந்தனர். 2019-ம் ஆண்டில் வெளியான 'எண்ட்கேம்' படத்தில் அவனுக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு, மனைவி, சிறு பெண்குழந்தை. இழப்பதற்கு யாதுமில்லாதவன் உயிரை விடுவது ஒரு வகை. இவன் இழப்பதற்கு எல்லாம் பெற்ற பின்னர், அகிலத்தைக் காக்க வேறு வழியில்லையென்று கண்டு, தன் உடலைக் கருக்கும் ஆற்றலைக் கையில் ஏந்தி மாள்கிறான். அவன் முதன்முதலில் செய்த மார்புக்கருவியை மலர்வளையத்தில் வைத்து ஏரியில் மிதக்கவிடுகின்றனர்.

ஈப்போவில் அப்படத்தைக் காண என் தமக்கையின் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மலர்வளையம் நீரில் நகர்ந்தபோது அரங்கில் ஒருவரும் பேசவில்லை. வீடு வரும்வரை பையனும் பேசவில்லை.

அந்த முகத்தை இழக்க மனமில்லாதவர்கள் பலர் இருந்தனர். 2021-ம் ஆண்டில், ஸ்டார்க்கை உயிர்ப்பித்துத் தருக என்று வேண்டி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ரசிகர்கள் விளம்பரப் பலகையே வைத்தார்கள். மறுபுறம், மார்வெல் படங்களின் தலைமைத் தயாரிப்பாளர் கெவின் ஃபைகி, அம்முடிவை இனித் தொடுவதில்லை என்ற கருத்துப்பட 2023 டிசம்பரில் ஒரு பத்திரிகைக்குக் கூறினார். ஏழு மாதங்களில் சான் டியேகோவில் முகமூடி கழன்றது. சொன்ன சொல் தவறினார்களா என்றால், இல்லை. வருபவன் ஸ்டார்க் அல்லன். 1962-ம் ஆண்டு முதல் சித்திரக்கதைகளில் உலவும் டூம் என்னும் வேறொருவன். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டால் வாக்குத் தவறவில்லையென்று சாதித்துவிடுவார். ஆனால் ரசிகரின் நெஞ்சு நீதிமன்றமன்று.

இங்கேதான் விந்தை. அந்த முகத்தை மீண்டும் காணலாம் என்பதே ரசிகரின் ஆவல். அந்த முகம் மீண்டும் வருகிறதே என்பதே அவர்தம் அச்சம். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து புறப்படுகின்றன. ஆவல் முகத்தின்மேல் கொண்ட அன்பு. அச்சம் செயலின்மேல் கொண்ட மதிப்பு. முகத்தின்மேல் நாம் கொள்ளும் பற்று எளிதன்று. 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஸ்டார்க்குக்குக் குரல் தந்தவர் விஜய் சேதுபதி. நல்ல நடிகர், எனினும் பழகிய குரல் இல்லையே என்று தமிழ் ரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். குரல் ஒன்று மாறியதற்கே அப்படியென்றால், அதே முகம் கொடியவனுக்கு உரியதாகும்போது மனம் என்ன பாடுபடும்!

காணாத படத்தைப்பற்றிக் கவலைப்படுவது பேதைமை என்பார் உளர். அவர்கள் காட்டும் சான்று வலியது. 1988-ம் ஆண்டில் பேட்மன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டன் என்னும் சிரிப்பு நடிகரைத் தேர்ந்தெடுத்தபோது, ஏறத்தாழ 50,000 கண்டனக் கடிதங்கள் படநிறுவனத்துக்குச் சென்றனவாகச் சொல்வதுண்டு. 1966-ம் ஆண்டின் தொலைக்காட்சித் தொடர் தம் வீரனைக் கோமாளியாக்கியது போல் இதுவும் ஆகிவிடுமோ என்று அவர்கள் அஞ்சினர். 1989 ஜூனில் படம் வந்தது. கண்டித்த வாய்கள் பெரும்பாலும் அடங்கின. உண்மைதான். ஆனால் அந்த அச்சம் நடிகரின் திறமையைப் பற்றியது; நன்றாக நடித்துக் காட்டினால் தீர்ந்துபோகும் அச்சம். டவுனியின் திறமையை ஐயுறுவார் யார்? அவர் எத்துணை நன்றாக நடிக்கிறாரோ அத்துணை ஆழமாகப் பாயும் அச்சமன்றோ இது!

இனி வேறொரு தடை. கதையில் வரும் சாவு சாவா? வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கர்ண மோட்சம் ஆடுகிறார்கள். விடியற்காலையில் கர்ணன் சாய்கிறான், கூடியிருப்போர் அழுகின்றனர். அடுத்த ஆண்டு அதே கூத்தாடி அதே முடியைத் தரித்து வருகிறான், மீண்டும் அழுகின்றனர். கடந்த ஆண்டு நீ செத்தாயே, எங்ஙனம் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. மறுநாள் இரவு அவனே துரியோதனனாக வந்தாலும் குற்றமில்லை. அங்கே இல்லாத குற்றம் சினிமாவில் மட்டும் எங்கிருந்து வந்தது?

இத்தடையைப்பற்றி நான் பலநாள் எண்ணியதுண்டு. கூத்தில் கர்ணன் மீள்வதில்லை. கதைதான் மீண்டும் தொடங்குகிறது. பிறந்து, ஆற்றில் விடப்பட்டு, கவசத்தைத் தானம் செய்து, அவன் மறுபடியும் முழுதாக மாள்கிறான். மார்வெல் படங்களோ ஒரே கதையின் நீட்சி. நேற்று நடந்தது இன்றும் நடந்ததே என்ற உறுதியின்மேல்தான் அம்மாளிகை எழும்பிநிற்கின்றது. அங்கே மாண்டவன் மீண்டால், நேற்றைய கண்ணீர் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டதாகிறது.

அச்சிட்ட சித்திரக்கதைகளில் இக்கணக்கு முன்பே பலமுறை அடிக்கப்பட்டது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் மாண்டதாகக் கதை வெளியிட்டார்கள். கறுப்பு உறையிலிட்டு, துக்கத்துக்குக் கையில் கட்டக் கறுப்புப் பட்டையும் சேர்த்து விற்றார்கள். பல இலட்சம் பிரதிகள் போயின. அடுத்த ஆண்டே சூப்பர்மேன் திரும்பி வந்துவிட்டான். பட்டை கட்டியவர்கள் அதை என்ன செய்தார்களோ!

சினிமாவும் அவ்வழியே நடக்கத் தொடங்கியது. உலகங்கள் பல, ஓருலகில் மாண்டவனுக்கு மற்றோர் உலகில் மாற்றுரு உண்டு என்று ஓர் உபாயம் கண்டார்கள். 2017-ம் ஆண்டில் 'லோகன்' என்ற படத்தில் வுல்வரின் என்னும் வீரன் ஒரு சிறுமியைக் காக்கப் போராடி மாண்டு புதைக்கப்பட்டான். 2024 ஜூலையில் 'டெட்பூல் அண்டு வுல்வரின்' வந்தது. அப்படத்தின் தொடக்கமே அக்கல்லறையைத் தோண்டுவது. எலும்புகளை ஆயுதமாக்கி ஆடும் கேலிக்கூத்து. அதே நடிகர் மாற்றுருவாக வந்தார். வசூல் 130 கோடி டாலரைக் கடந்தது. முதலாளிமாரைக் குறைகூறிப் பயனென்ன? கல்லறை தோண்டுவதைக் காணச் சீட்டு வாங்கியவர்கள் நாமல்லவா? நானும் வாங்கினேன். சிரிக்கவும் செய்தேன்.

பேராசிரியர் சேவியர் என்னும் பாத்திரமோ 2006, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களில் மும்முறை மாண்டது. 2025 மார்ச்சில், டூம்ஸ்டே படத்தின் நடிகர் பெயர் பொறித்த 27 நாற்காலிகளை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாய்க் காட்டி அறிவித்தபோது, அப்பேராசிரியராக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் பெயரும் அவற்றுள் இருந்தது. (நாற்காலியின் முதுகைப் பார்த்து ஐந்து மணி நேரம் அமர்ந்திருப்போரை என் பாட்டனார் கண்டிருந்தால் மந்திரவாதியை அழைத்திருப்பார்.) 2017-ல் சேவியர் மாண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2022-ல் மாண்டபோது நான் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தேன். கையை நிறுத்தியதாக நினைவில்லை.

எனவே மீட்சி தியாகத்தின் மதிப்பைக் குறைக்கிறது என்று முடித்துவிடலாமா? அவசரம் கூடாது. ஆற்று வெள்ளத்தில் அயலார் பிள்ளையைக் காக்கப் பாய்ந்து மறைந்துபோன ஒருவனின் தாயிடம் சென்று, "அம்மா, உன் மகன் மீண்டு வந்தால் அவன் தியாகத்தின் மதிப்புக் குறைந்துவிடும், வராதிருப்பதே மேல்" என்று சொல்லத் துணிவோமா? சொன்னால் அவள் விளக்குமாற்றை எடுப்பாள், எடுப்பதே முறை. மூன்றாம் நாள் அவன் சேறு படிந்த உடலோடு வாசலில் வந்து நின்றால், ஊரார் அவன் செயலைக் குறைவென்று கருதுவரோ? மாட்டார். அவன் பாய்ந்தபோது திரும்பி வருவோம் என்று பாயவில்லை. கொடுத்தபோதே கொடுத்தாயிற்று. செயலின் மதிப்பு அக்கணத்தில் அவன் நெஞ்சில் இருந்தது. பின்னர் நேர்வது எதுவும் அதனைத் தொடாது. ஆகவே ஸ்டார்க்கே உயிர்த்து வந்தாலும் 2019-ல் அவன் செய்தது செய்ததே. அவனுக்கு நட்டமில்லை.

அப்படியாயின் நட்டம் யாருக்கு? அவனுக்குப் பின்னால் வருகின்றவனுக்கு. ஒருவன் மீண்டதைக் கண்ட உலகில், அடுத்தவன் எங்ஙனம் உயிரைக் கொடுப்பான்? அவன் மெய்யாகவே கொடுத்தாலும், காண்போர், "போகட்டும், இரண்டு படம் கழித்து வருவான்" என்பார்கள். முன்னவன் விலையைக் கொடுத்துப் பொருளை வாங்கிவிட்டான். அக்கடையில் இனி அந்த நாணயமே செல்லாமற் போகிறது. பிறர்க்காக மாளும் உரிமை பின்வரும் வீரர்களிடமிருந்து பறிக்கப்படுகிறது. வலிமை எத்துணை இருந்தாலும், உயிர்கொடுக்க இயலாதவன் வீரன் ஆவதெப்படி? நம் முன்னோர் மாண்டவனுக்குக் கல் நட்டது மாண்டவனுக்காக மட்டுமன்று. கல்லைக் கடந்துசெல்லும் இளைஞன், அங்கே ஒருவன் நின்றான், போனான், வரவில்லை என்று அறிவதற்காகவுமே. ரசிகரின் அச்சத்தை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான். தமக்கு இனியது தமக்கே மீண்டும் கிடைப்பதை வேண்டாமென்று சொல்லும் அன்பு எளிதில் வருவதன்று. விளம்பரப் பலகை வைத்தவர்களின் அன்பைவிட இது ஒருபடி உயர்ந்ததென்றே எண்ணுகிறேன்.

எனினும் அறிவித்தவர்கள் செய்ய முனைந்ததில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. கவர்ச்சி கெட்டவன் ஒருவன் கொடுமை செய்தால் வெறுப்பது எளிது. நம்மைக் காத்தவனின் முகத்தோடு ஒருவன் வந்து கொடுமை செய்தால் நாம் யார் பக்கம் நிற்போம்? முகத்தின் பக்கமா, முறையின் பக்கமா? படம் எடுப்பவர்கள் இந்தக் கேள்வியைக் காண்போரிடம் வைக்கத் துணிந்தால், பழைய நடிகரை அழைத்தது வணிகம் மட்டுமே என்று யாரும் பழிக்க முடியாது. முகமூடி ஒருநாள் விலகி, உள்ளே இருப்பவன் இறுதியில் நல்லவனே என்று கைதட்டல் வாங்க நினைத்தால், பையன்கள் பிழைத்தார்கள், கதை பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

என் தமக்கையின் மகன் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். இதை எழுதுமுன் அவனிடம் கேட்டேன்.

"டவுனி வரட்டும் மாமா. டூமாகவே வரட்டும், டூமாகவே சாகட்டும். ஸ்டார்க் மட்டும் வர வேண்டாம்" என்றான்.

"வந்துவிட்டால்?"

சற்று நேரம் யோசித்தான். "முதல் நாள் முதல் காட்சிக்கு எனக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்துவிடுங்கள்" என்றான்.