விட்டுப்போன தாய் மறந்துபோன தாயல்ல



இந்த மாதம் ஒரு தாயாரை உங்களுக்கு ஞாபகப்படுத்த வாஞ்சிக்கிறேன். பெயர் தகூஹி சரோயன். அர்மேனிய பாஷையில் 'தகூஹி' என்றால் ராணி என்று அர்த்தம். ஆனால் அந்த ராணி அமெரிக்காவில் செய்த வேலை என்ன தெரியுமா? வீட்டு வேலை!

இன்றைய துருக்கியின் கிழக்கே இருக்கிற பிட்லிஸ்தான் சொந்த ஊர். புருஷன் அர்மெனாக் ஒரு பிரசங்கியார். அவர் 1905-ல் அமெரிக்கா போனார். பின்னாலே தாயாரும் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார்கள். 1908-ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் கடைசி மகன் வில்லியம் பிறந்தான். 1911-ல் பிரசங்கியார் மரித்துப்போனார். அந்நிய தேசம், அந்நிய பாஷை, கையில் நாலு பிள்ளைகள்!

தாயார் என்ன செய்தார்கள்? நாலு பேரையும் ஓக்லாந்து பட்டணத்து அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள். வில்லியமுக்கு மூன்று வயசு. அழாதே என்று சொல்லி, சாவி கொடுத்தால் ஆடுகிற ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"இவளும் ஒரு தாயா?" என்று கேட்கத் தோணுதா? எனக்கும் ஒரு காலத்தில் தோணுச்சு. நம் சபைச் சகோதரி ஒருவர், புருஷனை இழந்தபின் பிள்ளையை விடுதியில் விட்டு வெளியூருக்கு வீட்டு வேலைக்குப் போனார். நான் பிரசங்க பீடத்திலேயே அதைக் கடினமாய்ப் பேசிவிட்டேன். பிள்ளையின் சாப்பாட்டுக்காகத்தான் போனார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் வாயிலிருந்து போன வார்த்தை திரும்புமா?

அன்னாளும் சாமுவேலை சீலோவிலே விட்டுத்தான் வந்தாள். ஆனால் வருஷாவருஷம் தன் கையால் தைத்த சட்டையோடு மகனைப் பார்க்கப் போனாளே! (1 சாமு. 2:19). விடுவது வேறே, மறப்பது வேறே.

தகூஹி அம்மாளும் மறக்கவில்லை. 1915-ல் அர்மேனியர் படுகொலையில் பிட்லிஸும் அழிந்தது. திரும்பிப் போக ஊரும் இல்லை. ஆனால் 1916-ல் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஃபிரெஸ்னோவில் மறுபடி குடும்பமானார்கள். அங்கே பழங்களை டப்பாவில் அடைக்கிற ஆலையில் பாடுபட்டு வளர்த்தார்கள். அந்த வில்லியம்தான் 1940-ல் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோது வேண்டாம் என்ற எழுத்தாளர் வில்லியம் சரோயன்.

1943-ல் 'தி ஹியூமன் காமெடி' என்ற நாவலைத் தாயாருக்கே காணிக்கையாக்கினார். தாயாருக்கு ஆங்கிலத்தைவிட அர்மேனியன்தான் நன்றாய் வாசிக்க வரும். மகனுக்கோ அதை எழுதப் படிக்கத் தெரியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைக்கட்டும் என்று அந்தக் காணிக்கையிலேயே எழுதினார். பாருங்க, மூன்று வயசிலே விட்டுப்போன தாயார்மேல் கசப்பு இருந்தால் இப்படி எழுத முடியுமா?

"எங்கம்மா என்னை விட்டுட்டாங்க" என்று இன்னும் கசப்போடிருக்கிற தம்பி, தங்கச்சி, அவர்கள் எதற்காக விட்டார்கள் என்று ஒருதரம் உட்கார்ந்து கேளுங்க. சபையாரே, அப்படிப்பட்ட விதவைத் தாயைக் குறித்துப் பேசுமுன் நாவை அடக்குங்க. விடுதியிலிருக்கிற பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்க. தாயைப் பார்க்கிலும் மறவாத தேவன் நமக்கு இருக்கிறார் (ஏசா. 49:15). அவர் பிள்ளைகள் நாமும் மறவாதிருப்போமாக. ஆமென்.