சொல்லுக்குப் பொறுப்பாளி யார்?

பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக் குறிப்பை இயந்திரத்தைக் கொண்டே எழுதுவித்துவிட இயலுமா என்று இன்று பலரும் வினவுகின்றனர். இயலும் என விடையிறுப்பது எளிது. நிகழ்ச்சி, நாள், இடம், தலைவரின் கூற்று ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நொடிகளில் வழுவற்ற நடையில் ஒரு குறிப்பை நீட்டிவிடுகிறது. ஆயினும், எழுதுவது வேறு. எழுதியதற்குப் பொறுப்பேற்று நிற்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலன்றி நேரிய விடை கிட்டாது என்பது நம் கருத்து.

முதற்கண், இயந்திரத்திற்குரிய பெருமையை மறுக்காது வழங்கிவிடுவோம். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், 2014 ஆம் ஆண்டில், வணிக நிறுவனங்களின் காலாண்டு வருவாய்ச் செய்திகளைத் தானியங்கி மென்பொருளைக் கொண்டு எழுதத் தொடங்கியது. அதுவரை காலாண்டுக்கு ஏறத்தாழ 300 செய்திகளே வெளிவந்த இடத்தில் ஏறத்தாழ 3000 செய்திகள் வெளிவரலாயின. சென்ற ஆண்டினும் வருவாய் இவ்வளவு கூடிற்று என்று சொல்வதற்கு மனித மூளை வருந்த வேண்டுவதில்லை. எண்கள் முன்னரே உள்ளன. அவற்றை அறிவித்தவர் யாரென்பதும் தெரியும். இயந்திரம் அவற்றை வாக்கியங்களாகக் கோக்கிறது, அவ்வளவே.

ஆனால், செய்திக் குறிப்பு பிறந்த வரலாறு நமக்கு வேறொன்றை உணர்த்துகிறது. 1906 அக்டோபர் 28 அன்று, அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில் ரயிலொன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்துகளை மூடிமறைப்பதே ரயில்வே நிறுவனங்களின் வழக்கமாயிருந்த காலம் அது. பென்சில்வேனியா ரயில்வேயின் ஆலோசகர் ஐவி லீ, நடந்ததை எழுதிச் செய்தியாளர்க்கு வழங்கியதோடு, அவர்களை விபத்து நிகழ்ந்த இடத்திற்கே அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அக்குறிப்பை அவ்வாறே அச்சிட்டது. முதல் செய்திக் குறிப்பு இதுவே என்பர் பலர். அதன் மதிப்பு நடையழகில் இருந்ததா? இல்லை, வந்து பாருங்கள் என்று அழைத்த துணிவில் இருந்தது.

அதே ஐவி லீ பின்னர் வழுவினார். 1914 இல் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் ராக்ஃபெல்லர் தரப்பிற்காக அவர் வெளியிட்ட அறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பன்மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது. மறு ஆண்டு விசாரணைக் குழுவின் முன் நின்றபோது, சுரங்க முதலாளிகள் தந்த தகவல்கள் மெய்யா என ஆராயத் தாம் யாதொரு முயற்சியும் செய்யவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். கணிப்பொறி தோன்றாத காலத்திலேயே மனிதன் இயந்திரமாகிவிட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பிறரைச் சொல்வானேன்? நாமும் விழா தொடங்குமுன்னரே, 'திரளானோர் கலந்துகொண்டு சிறப்பித்தனர்' என்று எழுதிக் கொடுத்ததுண்டு. மழை கொட்டி நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்த ஒருநாளிலும், மறுநாள் பத்திரிகையில் அந்தத் திரள் சற்றும் குறையவில்லை! எவரும் நம்மைக் கேட்கவில்லை. கேட்பாரில்லை என்பதனாலேயே எழுதினோம் என்பதை இன்று நாணத்தோடு நினைக்கிறோம்.

இனி, அண்மைய நிகழ்ச்சியொன்று. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதனையொட்டி வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபடி கல்லூரி அலுவலகமொன்று தன் மாணவர்க்கு ஆறுதல் மடல் விடுத்தது. அது சாட்ஜிபிடி என்னும் கருவியின் துணையால் ஆக்கப்பட்டது என்ற குறிப்பு மடலின் அடியில் காணப்பட்டது. மாணவர்கள் மனம் வெதும்பினர். அலுவலகம் வருத்தம் தெரிவித்தது. அது பத்திரிகைக்கு விடுத்த குறிப்பன்று. எனினும், ஒரு நிறுவனத்தின் பெயரால் வெளிவந்த சொல். அச்சொற்களில் இலக்கணப் பிழை இருந்ததென எவரும் குறைகூறவில்லை. நமக்காக எவரும் சிறிது நேரம் அமர்ந்து வருந்தவில்லையே என்பதுதான் அவர்களை வாட்டியது. துயருற்றவர்க்குச் சொல்லைத் தேடி இடர்ப்படுவதே ஆறுதலின் பாதி என்பதை அந்த அலுவலகம் மறந்துவிட்டது.

எனவே, நாம் காணும் முடிவு இது. கணக்கையும் நாளையும் நிரப்பும் குறிப்பை இயந்திரம் எழுதட்டும். அதனால் மனிதருக்கு மிஞ்சும் நேரம், எழுதப்பட்டது மெய்யா என ஆராயப் பயன்படட்டும். எங்கள் தொழிற்சாலையால் ஆறு மாசுபடவில்லை, எங்கள் மருந்து தீங்கற்றது என்பன போன்ற உறுதிமொழிகளின் கீழோ, அதனை ஆராய்ந்தறிந்த ஒருவரின் பெயர் இருந்தாக வேண்டும்; வினவினால் அவர் விடையளித்தாக வேண்டும். இரங்கலையும் மன்னிப்பையும் மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்தலாகாது. வரைவு எவருடையதாயினும் ஆகுக; கையொப்பம் மனிதனுடையதாக இருக்கட்டும். அக்கையொப்பம் இடுமுன் அவன் ஒருமுறையேனும் நிகழ்ந்த இடத்திற்குச் சென்று பார்த்து வரட்டும்.